செம்புரை மண்ணும் வேர் உட்பூசணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஏத்தன் வாழையும் மரவள்ளியும் ரப்பரும் நிற்கும் நிலம் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்ட செம்புரை மண். நாம் இடும் சூப்பர் பாஸ்பேட்டிலுள்ள மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், பெரும்பங்கை இம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. விளைச்சல் குறைந்தால் இன்னொரு மூட்டை போடுவதே இங்கு வழக்கமாகிவிட்டது.

வேர் உட்பூசணம், அதாவது வேம் (VAM) என்னும் நன்மை செய்யும் பூஞ்சை, வாழை வேருக்குள் குடியேறி, வேர்த்தூவியைவிட மெல்லிய இழைகளை மண்ணில் வெகுதூரம் பரப்பி, வேர் எட்டாத இடுக்குகளிலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகிறது. அதற்கு ஈடாக, இலையில் தயாரான சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைச் செடி அதற்குக் கொடுக்கிறது. மணிச்சத்துப் பற்றாக்குறையின்போது வேரே ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் பொருளைக் கசியவிட்டு அந்தப் பூஞ்சையை அழைக்கிறது. தூரைச் சுற்றி உரத்தைக் குவிக்கும்போது அந்த அழைப்பு குறைந்துவிடுகிறது. பிறகு அந்த உரமும் மண்ணில் முடங்கிப்போகும் வேளையில், கைகொடுக்க வேண்டிய பூஞ்சை வேரில் போதிய அளவு இருப்பதில்லை. மண் பரிசோதனை செய்யாமல் மணிச்சத்து இடுவது பணத்துக்கு மட்டும் நட்டம் அன்று என்பதை நம் விவசாயிகள் உணர வேண்டும்.

இளம் ரப்பர் தோட்டங்களில் நிலத்தை மூடப் படரவிடும் பயறுவகைக் கொடியான பியூரேரியாவின் வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்; அந்த நிறம் இருந்தால் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள், பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. கடையில் வாங்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகளை இப்படிக் கண்ணால் சோதிக்க வழியில்லை. அச்சிட்ட தேதியை நம்பித்தான் வாங்குகிறோம். ஆனால் எங்கள் பகுதியிலுள்ள ஒரு கடையில், தகரக் கூரையின் கீழ், நண்பகல் வெயில் நேராக விழும் இடத்தில் அவற்றை அடுக்கியிருந்ததைக் கண்டு மிகவும் வருந்தினேன். வெப்பத்தில் மடிந்த நுண்ணுயிரைத் தொழு உரத்தில் கலந்து இட்டு என்ன பயன்? பூஞ்சைக்கொல்லியில் நனைத்த கன்றுக்கு அன்றே வேம் இடக் கூடாது என்பதையும் விற்பவர் எவரும் சொல்வதில்லை.

எனவே, கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் விதைப்புக்கு முன்பே கடைகளிலிருந்து மாதிரி எடுத்து, உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையைச் சோதித்து, அந்த முடிவுகளை நாகர்கோவிலில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வேளாண்மைத் துறையினர் வெளியிட வேண்டும் என்றும், உயிர் உரங்களை நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வைக்காத கடைகளுக்கு விற்பனை அனுமதி தரக் கூடாது என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.