ஈரம் காய்ந்த பிறகு

மன்னார்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். எடை குறைய இரைப்பையில் ஆபரேஷன் செய்து மூன்று வாரம் தாண்டிய நிலையில், நேற்று ராத்திரி நீ போனில் அழுதபோது நான் சொன்ன பதில் சரியில்லை. "பசிக்குதுப்பா, எடையும் அப்படியே நிக்குது" என்றாய். நான் "வாயைக் கொஞ்சம் கட்டும்மா" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டாய். அடுப்படியிலிருந்து அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதி மாளாது. மறுபடி கூப்பிட்டால் மறுபடி எதையாவது உளறுவேன். கடிதம் என்றால் அடித்துத் திருத்தலாம்.

காலையில் உன் உணவு ஆலோசகருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் எடுத்தார், நல்ல பெண். "எடை நின்னுடுச்சும்மா" என்று நான் ஆரம்பித்ததுமே, "மூணாவது வாரமா சார்?" என்று கேட்டார். அப்போதே எனக்குப் பாதி பாரம் குறைந்துவிட்டது. தினமும் நாலு பேர் இதையே கேட்டு அழுவார்கள் போலிருக்கிறது.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் திரவ உணவு கொடுத்தார்களே, அது தொடங்கிய அன்று 122.4 கிலோ. ஆபரேஷன் அன்று 118. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து ஏறி நின்றபோது 119.5. வயிற்றை அறுத்தும் எடை கூடிவிட்டதே என்று நீ திகைத்துப் போனாய். அது கையில் ஏற்றிய டிரிப்ஸ் தண்ணீர். பத்தாம் நாள் 111.6. பதினைந்தாம் நாள் 111.2. நேற்று, 24ஆம் நாள், 111.3. இந்தக் கடைசி மூன்று எண்ணைப் பார்த்துத்தான் "எல்லாம் வீண்" என்கிறாய்.

நான் 31 வருஷம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதியவன். எனக்குத் தெரிந்த எடை நெல்லின் எடைதான், அதை வைத்தே சொல்கிறேன். குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் நெல் 22 சதம் ஈரத்தோடு வந்து நிற்கும். 17க்கு மேல் எடுக்க முடியாது, களத்தில் கொட்டிக் காய வையுங்கள் என்போம். நல்ல வெயில் அடித்தால் 40 கிலோ சிப்பத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோ மளமளவென்று இறங்கிவிடும். அப்புறமும் அதே வெயில்தான், அதே களம்தான், தராசு மட்டும் அவ்வளவாக அசையாது. "தராசு கெட்டுப்போச்சு சார்" என்று விவசாயி சண்டைக்கு வருவார். ராத்திரி தார்ப்பாய் மூடாமல் விட்டால் பனி இறங்கிக் காலையில் எடை கூடவே காட்டும். அதற்காக ராத்திரியோடு ராத்திரியாக அரிசி விளைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

உன் உடம்பிலும் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். ஈரலிலும் தசையிலுமாகக் கிளைகோஜன் என்று ஒரு மாவுச்சத்துச் சேமிப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்குமாம். அவசரத்துக்கு எடுக்கிற கைக்காசு மாதிரி. ஒரு கிராம் கிளைகோஜன் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் இந்தக் கைக்காசைச் செலவழிக்கிறது, அதோடு தண்ணீரும் போகிறது. நாம் ஆகா ஓகோ என்று கொண்டாடிய முதல் சில கிலோவில் பெரும்பங்கு இந்த ஈரம்தான். மூன்றாம் வாரம் வரும்போது உடம்பு கொஞ்சம் நிதானத்துக்கு வந்து, கைக்காசைத் திரும்பச் சேர்க்கிறது. தண்ணீரும் கூடவே திரும்புகிறது. அந்தப் பக்கம் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கிறது. இது ஏறுவதும் அது இறங்குவதும் சரிக்குச் சரியாகப் போவதால் தராசுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

கணக்குப் போட்டும் பார்த்தேன். நீ இப்போது சாப்பிடுவது 600 கலோரி. உன் உயரத்துக்கும் எடைக்கும் சும்மா இருந்தாலே நாளைக்குச் சுமார் 2,000 செலவாகும். விழுகிற துண்டு 1,400. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு 7,700 கலோரி. ஆக நாள் ஒன்றுக்கு 180 கிராம் கொழுப்பு கரைந்தே ஆக வேண்டும். உன் தராசு அசையாமல் நின்ற ஒன்பது நாளில் அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரே 200 கிராம். நீ காலையில் ஒரு தடவை, ஆபீஸ் வேலை முடிந்து ஒரு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை என்று ஏறி நிற்கிறாயே, அந்தத் தராசு அளப்பது நீ குடித்த தண்ணீரையும் போகாத வயிற்றையும்தான். தீட்டு நாட்களில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், அதையும் எழுதுங்கள் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

சரி, பசிக்கு வருகிறேன். நான் உன்னை நோகடித்தது அந்த இடத்தில்தான்.

வயிற்றைச் சுருக்கிவிட்டால் பசியே எடுக்காது என்று நாம் எல்லோருமே நம்பிவிட்டோம். பெரியம்மா கேட்டதையும் உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன்: "இத்தனை லட்சம் கொட்டி ஆபரேஷன் பண்ணியும் பசிக்குதுங்கறாளா?" ஏன் அப்படி ஒரு நம்பிக்கை வந்தது என்று தம்பியைத் தேடிப் படித்துக் காட்டச் சொன்னேன். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பாகத்தில் ஊறுகிறது. 2002இல் அமெரிக்காவில் உன்னைப் போலவே இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட சிலரின் ரத்தத்தைப் பார்த்தபோது அது மிகவும் குறைந்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய பேச்சு இது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. பலருக்குப் பசி நன்றாகவே அடங்குகிறது. எல்லோருக்கும் அல்ல, மறுநாளே அல்ல. அதனால் பசிக்கிறது என்று நீ சொன்னால் பசிக்கிறது, அவ்வளவுதான். அதில் வாயைக் கட்ட ஒன்றுமில்லை.

இன்னொன்று. பழைய இரைப்பையின் அடியில் மதகு மாதிரி ஒரு சுருக்குத் தசை உண்டு. உள்ளே போனதைக் கொஞ்ச நேரம் தேக்கி, மெல்லத் திறந்துவிடும். டாக்டர் உனக்குப் பிரித்துக் கட்டிய புதுப் பை 30 மில்லி. நீ பால் குடித்த பாலாடை பரணில் இருந்தது, இன்று எடுத்துக் கழுவி அளந்து பார்த்தேன், சரியாக இரண்டு பாலாடை. அந்தப் பைக்கு மதகு கிடையாது, நேரே சிறுகுடலில் இணைத்திருக்கிறார்கள். தண்ணீராக எது போனாலும் நிற்காமல் ஓடிவிடும். தேங்கினால்தானே வயிறு நிறைந்த நினைப்பு வரும்?

நீயோ மூன்றாம் வாரத்திலிருந்து அரைத்த உணவு சாப்பிடலாம் என்று சொன்ன பிறகும் பருப்புத் தண்ணீரும் வடிகட்டிய ரசமும் மோருமாகவே ஓட்டுகிறாய். எடை நின்றதால் பயந்துபோய், இப்படி இருந்தால் இறங்கும் என்று நினைக்கிறாய். உணவு ஆலோசகர் இதைக் கேட்டதும் "அய்யோ, அதான் சார் பசி" என்றார். நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும், உன் கணக்கு 35கூட வரவில்லை. பாசிப்பருப்பைக் கெட்டியாகக் கடைந்து சாப்பிடு. முட்டையைக் கொழகொழவென்று கிளறி மசித்துக்கொள், ஒன்றில் ஆறு கிராம் இருக்கிறது. பன்னீரைத் தயிர் விட்டு மசி. முள் எடுத்த மீன் என்றால் அம்மா வந்து செய்து தருவாள். புரத மாவை மோரில் கலந்து குடி. இரண்டு மூன்று கரண்டியிலேயே போதும் என்று இருக்கும், அங்கே நிறுத்திவிடு. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் வேண்டாம், குடித்தால் எல்லாம் கரைந்து ஓடி மறுபடி பசிக்கும். மற்ற நேரமெல்லாம் வாய் வாயாக உறிஞ்சிக்கொண்டே இரு, தாகமும் பசி வேஷம் போட்டுக்கொண்டு வருமாம்.

காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்ன அமிலத்துக்கான மாத்திரையை, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று நாலு நாளாக விட்டுவிட்டாயாமே. தம்பிதான் போட்டுக் கொடுத்தான், அவனைத் திட்டாதே. அமிலம் கடிப்பதும் பசி கடிப்பதும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். அது இணைத்த இடத்தில் புண் வராமல் காக்கிற மாத்திரையும்கூட. விழுங்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொல், வேறு வடிவில் தருவார்கள். பல்வலி, இடுப்புவலி என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுவிடாதே, அதே புண்ணுக்கு அது எமன்.

செவ்வாய்க்கிழமை ஆசைக்கு இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டு, நெஞ்சில் நின்று வாந்தி எடுத்ததையும் கேட்டேன். ஒரு தடவை என்றால் பரவாயில்லை, சோறு இப்போது பிசினாக அடைத்துக்கொள்ளும். வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அன்றைக்கே போய்விடு. தயாமின் என்ற வைட்டமின் வற்றி நரம்பைத் தாக்கும் என்று டாக்டர் சொன்னதை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். காய்ச்சல், தாங்காத வயிற்றுவலி, படபடவென்று நாடி 120ஐத் தாண்டுவது, காலில் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் எனக்குப் போன் பண்ணாதே, ஆட்டோவில் ஏறி நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அப்புறம் எனக்குச் சொன்னால் போதும்.

நீ கவனிக்காத ஒரு வரியும் நோட்டில் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் 168, மூன்று மாத்திரை. பன்னிரண்டாம் நாள் 112, ஒரே மாத்திரை. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கிவிட்டது. குடலில் பாதை மாறியதும் சுரப்புகளும் மாறுகின்றன என்கிறார்கள். எனக்கு முழுக்கப் புரியவில்லை, ஆனால் அந்த எண்ணைப் பார்த்து அன்று கோபாலன் சன்னதியில் ஒரு தேங்காய் உடைத்தேன். எடை இறங்குவது ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நடக்கிற வேலையாம். நாம் இன்னும் ஒரு மாதத்தைக்கூடத் தாண்டவில்லை.

இனி எழுதப்போவதைப் போனில் என்னால் சொல்லவே முடியாது.

நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாய். எடை போடுகிற நேரம், பத்துப் பன்னிரண்டு சுமைதூக்குகிறவர்கள் நின்றார்கள். நான் விளையாட்டுக்கு உன்னை மூட்டைத் தராசில் ஏறச் சொன்னேன். ஏறினாய். நான் பட்டியலுக்குக் கூவுகிற அதே குரலில் எடையைக் கூவினேன். "ரெண்டு சிப்பம் இருக்கும் சார்" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ இறங்கி, தூக்குவாளியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கமே வரவில்லை. பத்தாவது பரீட்சை, டியூஷன் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். நேற்று நீ போனை வைத்த பிறகு, ராத்திரி முழுக்க அந்தத் தூக்குவாளிதான் கண்முன் நின்றது. என்னை மன்னித்துக்கொள் பாப்பா.

புதன்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் நானும் அம்மாவும் கிளம்புகிறோம். எழும்பூருக்கு நீ வராதே, நாங்களே ஆட்டோ பிடித்துக்கொள்கிறோம். பாசிப்பருப்பு வறுத்து அரைத்து இரண்டு டப்பா கொண்டு வருகிறோம், பாலாடையும் வருகிறது. வந்ததும் உன் தராசை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு தடவை இறக்கித் தருகிறேன். எண்ணை நீயே பார்த்துக்கொள். நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா