ரத்தக்கட்டிக்குப் பின்னால் பாருங்கள்: இரவுப் பணி மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை செய்பவர்கள் எழுதுகிறோம்.

நள்ளிரவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை மயங்கிய நிலையில் தூக்கி வருகிறார்கள். பி.பி. 200. சி.டி.யில் மூளைக்குள் ரத்தக்கட்டி. 'பி.பி. ஸ்ட்ரோக்' என்று எழுதிவிடக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்து அழுத்தம் கூடினாலே பி.பி. எகிறும்.

பி.பி.யால் வரும் கசிவு பெரும்பாலும் ஆழத்தில், பேசல் கேங்லியாவிலோ தலாமஸிலோ இருக்கும். ரத்தக்கட்டி டெம்போரல் மடலில் (பொட்டுப் பக்க மூளைப் பகுதி) சில்வியன் பிளவை (மூளையின் பக்கவாட்டுப் பிளவு) ஒட்டி இருக்கிறதா? மூளையின் அடியில், நட்சத்திர வடிவக் கருப்புத் தெரிய வேண்டிய இடம் வெளுத்திருக்கிறதா? அப்படியானால் மிடில் செரிப்ரல் தமனியில் அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனப்பட்டுப் பலூன் போலப் புடைத்த இடம்) உடைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன்மடல்களுக்கு நடுவே, அடிப்பக்கமாகக் கட்டி இருந்தால் ஆன்டீரியர் கம்யூனிகேட்டிங் தமனியைச் சந்தேகியுங்கள். நோயாளியை ஸ்கேன் மேசையிலிருந்து இறக்காமலே கான்ட்ராஸ்ட் ஏற்றி சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) எடுத்துவிடுங்கள். சில நிமிட வேலைதான். கிரியாட்டினின் என்ற சிறுநீரகப் பரிசோதனைக்காக நிறுத்த வேண்டாம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவே கூடாது.

ஆஞ்சியோவை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கண்பாப்பா விரிந்த பதற்றத்தில், அனியூரிசம் இருப்பதே தெரியாமல் ரத்தக்கட்டியை மட்டும் எடுக்கப் போனால் நோயாளி மேசையிலேயே போய்விடலாம். உடைந்த வாயை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த உறைந்த ரத்தம்தான். அதை முழுதாக உறிஞ்சினால் தடுப்பு போய்விடும். வெளியிலிருந்து கொடுத்த எதிரழுத்தமும் போய்விடும். குழியில் ரத்தம் பீறிடும், எந்தக் குழாய் என்பதே கண்ணுக்குத் தெரியாது.

அனியூரிசம் இருப்பது தெரிந்தால் வேலையின் வரிசையே வேறு. பொட்டுப் பக்கம் எலும்பைத் திறந்து, மூளை சற்றுத் தளரும் அளவுக்கு மட்டும் கட்டியில் ஒரு பகுதியை எடுப்போம். அனியூரிசத்தின் உச்சியை ஒட்டிய கட்டியைத் தொட மாட்டோம். பிளவைப் பிரித்து, ரத்தம் வந்துசேரும் தாய்க்குழாயை முதலில் கைவசப்படுத்துவோம். தேவைப்பட்டால் அதில் சில நிமிடங்களுக்குத் தற்காலிகக் கிளிப். பிறகு அனியூரிசத்தின் கழுத்தில் நிரந்தரக் கிளிப், கிளைகளில் ரத்தம் ஓடுகிறதா என்ற சோதனை. மிச்சக் கட்டியை எடுப்பது அதற்குப் பிறகுதான். மூளை வீங்கியிருந்தால் எலும்பைத் திரும்ப வைப்பதில்லை. ரத்தக்குழாய் வழியாகவே போய் அனியூரிசத்துக்குள் 'காயில்' என்ற கம்பிச்சுருள் போடும் வசதி உள்ள இடங்களிலும், மூளையை நெருக்கும் பெரிய கட்டி என்றால் அறுவை மேசைக்கு வந்தே ஆக வேண்டும்.

கட்டியின் அளவைப் போனில் சொல்ல, நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுங்கள். 6, 5, 4 என்றால் 60 மில்லி. ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாத அளவு அது.

மறுகசிவு முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம், அதிலும் முதல் சில மணி நேரத்தில். ஆகவே நினைவு மதிப்பெண் (ஜி.சி.எஸ்.) 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு அனுப்புங்கள். ஆம்புலன்ஸில் இருமித் திணறினால் அதுவே மீண்டும் வெடிக்கப் போதும். தலைமாடு 30 டிகிரி. மேல் பி.பி.யை 160க்குக் கீழே லேபெட்டலாலால் மெதுவாக இறக்குங்கள். நாக்கின் கீழ் நிஃபெடிபின் வேண்டவே வேண்டாம்: திடீரென்று விழுந்தால், ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் மூளைக்கு ரத்தம் ஏறாது. கண்பாப்பா விரிந்தால் மூளை அழுத்தத்தைக் குறைக்க 20 சதவீத மேனிட்டால், கிலோவுக்கு 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு 300 மில்லி.

நிமோடிபின் 60 மி.கி., நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். மூளை ரத்தக்குழாய்ச் சுருக்கத்தின் பாதிப்பைக் குறைக்க அது. மூக்குக்குழாய் வழியாகக் கொடுக்கலாம், பி.பி. இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 30 மி.கி. ஆக்குங்கள்.

பரிந்துரைச் சீட்டில் தலைவலி தொடங்கிய நேரம், கண்பாப்பா அளவு, கடைசி நிமோடிபின் கொடுத்த நேரம், ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ சாப்பிடுபவரா என்பது, இவ்வளவும் இருக்கட்டும். ஆஞ்சியோ படங்களை வண்டி கிளம்புமுன்பே போனில் அனுப்பிவிடுங்கள். நோயாளி வந்து சேர்வதற்குள் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கும்.