விசுவாசம் பத்தலன்னு நோயாளிகிட்ட சொல்லாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் கடிதம் படிச்சேன், முழு விசுவாசத்தோட ஜெபிச்சா கேட்டது கிடைக்கும், கிடைக்கலன்னா விசுவாசத்துல எங்கயோ குறை இருக்குன்னு அர்த்தம்னு எழுதியிருந்தாரு. நல்ல மனசோடதான் எழுதியிருப்பாரு, அவர திட்டுறதுக்காக நான் எழுதல. ஆனா அதே வார்த்த எங்க வீட்டு வாசல்ல வந்து என்ன செஞ்சுட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியும், அதனால பேசாம இருக்க முடியல.

எங்க அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் செயலிழந்து போச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ், விடியக்காலம் முதல் பஸ்ஸப் புடிச்சு போயிட்டு சாயங்காலம் வருவோம். அம்மா நாலு மணிக்கே எந்திரிச்சு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுறவங்க, காலு வீங்கி முழங்கால் போட முடியாமப் போனதும் கட்டில்ல உக்காந்துகிட்டு ஜெபிச்சாங்க, அதுவும் முடியாதப்ப படுத்துகிட்டே. ஒரு பழைய டைரி வச்சிருப்பாங்க, யாருக்குப் பரீட்ச, யாருக்குப் பிரசவம், யாரு வீட்டுல சண்ட, எல்லாப் பேரும் அதுல இருக்கும், பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு டிக்.

ஒருநாள் வீட்டுக்கு ஜெபிக்க அஞ்சாறு பேரு வந்தாங்க. அதுல ஒரு ஊழியக்காரர் அம்மா தலைல கைய வச்சு ரொம்ப நேரம் சத்தமா ஜெபிச்சாரு, அப்புறம் கிளம்புறப்ப வாசல்ல நின்னு செருப்ப மாட்டிகிட்டே, "அம்மாவுக்கு விசுவாசத்துல ஒரு தடை இருக்கு, அது போயிட்டா இந்த மிஷினே தேவப்படாது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. உள்ள இருந்த அம்மாவுக்கு அது நல்லாக் கேட்டுருக்கு. ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் மெதுவா, "ஏட்டி, எனக்கு விசுவாசம் பத்தலயோ?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. மூணு நாள் கழிச்சு டயாலிசிஸுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க, போனா தன் அவிசுவாசத்தத் தானே ஒத்துகிட்ட மாதிரி ஆயிடுமாம், அழுதோம் கெஞ்சினோம், அசையல. அடுத்த நாள் ராத்திரி நெஞ்சுல நீர் கோத்து மூச்சு விட முடியாம, படுக்கவும் முடியாம நிமுந்து உக்காந்தே, ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினோம். கர்த்தர் கிருபையால பொழச்சாங்க.

அதுக்கப்புறம்தான் நான் வேதத்த உக்காந்து படிச்சேன், பிரசங்கத்துல கேட்டது போதும்னு அதுவரைக்கும் இருந்தவ. முதல்ல எடுத்தது கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தா மலையும் நகரும்ங்கிற அந்த வசனம்தான், ஏன்னா வந்தவங்க சொன்னது அதத்தான். மத்தேயு சுவிசேஷம் 17ம் அதிகாரத்துல இருக்கு. வலிப்பு வர்ற பையன அப்பா கூட்டிட்டு வர்றாரு, சீஷருங்களால குணமாக்க முடியல, இயேசு குணமாக்குறாரு, அப்புறம் சீஷருங்க தனியா வந்து எங்களால ஏன் முடியலன்னு கேக்குறாங்க, அப்பத்தான் "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்"னு சொல்லுறாரு. யாரப் பாத்து சொல்லுறாருன்னு கவனிங்க. பையனப் பாத்து இல்ல, அப்பாவப் பாத்தும் இல்ல, ஜெபிக்க வந்தவங்களப் பாத்து! அதே சம்பவம் மாற்கு 9லயும் வருது, அந்த அப்பா என்ன சொன்னாருன்னு அங்க இருக்கு: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்". பாதி விசுவாசம், பாதி பயம், கண்ணீரோட சத்தம் போட்டு சொல்லுறாரு. மொதல்ல உன் அவிசுவாசத்த சரி பண்ணிட்டு வான்னு இயேசு அவர அனுப்பல, புள்ள அன்னைக்கே சுகமாச்சு.

யாக்கோபு எழுதின நிருபம் 5ம் அதிகாரமும் அப்படித்தான். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளிய இரட்சிக்கும்னு எல்லாரும் சொல்லுறோம், அதுக்கு முந்தின வசனத்த விட்டுடுறோம், அதுல நோயாளி சபை மூப்பர்கள வரவழைக்கணும், அவங்க எண்ணெய் பூசி ஜெபிக்கணும்னு இருக்கு, அப்ப விசுவாசத்தோட ஜெபிக்க வேண்டிய பொறுப்பு வந்து நிக்கிறவங்க மேலதான? மாற்கு 2ல திமிர்வாதக்காரன கட்டிலோட நாலு பேரு சுமந்து வந்து வீட்டுக் கூரையப் பிரிச்சு இறக்குறாங்களே, அங்கயும் "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு"ன்னுதான் போட்டிருக்கு. படுத்துக் கிடந்தவனுக்கும் சேத்து மத்தவங்க விசுவாசிச்சாங்க. சபைன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன்.

உன் விசுவாசம் உன்னை இரட்சித்ததுன்னு பெரும்பாடுள்ள, அதாவது ரத்தப்போக்கு நிக்காத ஸ்திரீகிட்ட சொன்னாரே, நாசரேத்து ஊர்ல அவிசுவாசத்தப் பாத்து ஆச்சரியப்பட்டாரேன்னு கேப்பீங்க. உண்மைதான், மறைக்கல. ஆனா அந்த ஸ்திரீ 12 வருஷம் கஷ்டப்பட்டு பயந்து நடுங்கி பின்னால வந்து வஸ்திரத்தத் தொட்டவ, அவளுக்கு அது தைரியம் சொன்ன வார்த்த. நாசரேத்துக்காரங்க அவர ஏத்துக்காம இடறினவங்க. கும்பிட்டு அழுதுகிட்டு இருக்கிற ஒரு நோயாளியப் பாத்து உனக்குக் குணமாகாததுக்கு நீதான் காரணம்னு அவரு சொன்ன இடம் நாலு சுவிசேஷத்துலயும் எனக்குக் கிடைக்கல.

என்னைய ரொம்ப அசைச்சது அப்போஸ்தலர் 12ம் அதிகாரம். ஆரம்பத்துலயே ஏரோது ராஜா, இயேசுவோட சீஷரான யாக்கோபப் பட்டயத்தால கொன்னுடுறான். அடுத்து பேதுருவப் புடிச்சு ஜெயில்ல போடுறான், சபை ஊக்கமா ஜெபிக்குது, தூதன் வந்து வெளிய கூட்டிட்டு வர்றான், பேதுரு நேரா மாற்கோட அம்மா மரியாள் வீட்டுக்கு வந்து கதவத் தட்டுறாரு, உள்ள எல்லாரும் அவருக்காகத்தான் ஜெபிச்சுகிட்டு இருக்காங்க. ரோதைன்னு ஒரு பொண்ணு குரலக் கேட்டு சந்தோஷத்துல கதவத் தெறக்காமலே உள்ள ஓடி சொன்னா, நீ பிதற்றுகிறாய்னு சொல்லுறாங்க! பேதுரு வெளிய நின்னு தட்டிகிட்டே இருக்காரு. எதுக்காக ஜெபிச்சாங்களோ அது வாசல்ல வந்து நிக்குது, அவங்களால நம்ப முடியல, ஆனாலும் அவரு வந்துட்டாரு. அப்ப யாக்கோபுக்காக யாரும் ஜெபிக்கலயா, அவருக்காக ஜெபிச்சவங்களுக்கு விசுவாசம் கம்மியா? அந்த அதிகாரம் அதச் சொல்லல. நாமளும் சொல்லக்கூடாது. அப்போஸ்தலர் பவுலு, முள்ளுன்னு அவரு சொன்ன தன் சரீர வேதன நீங்கணும்னு மூணு தடவ வேண்டிக்கிட்டாரு, கிடைச்சது என் கிருபை உனக்குப் போதும்ங்கிற பதில்தான், முள்ளு போச்சுன்னு எங்கயும் இல்ல.

நம்ம மாவட்டத்துலயே டோனாவூர் இருக்கு. அங்க ஊழியம் செஞ்ச மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மா சின்னப் புள்ளைல நீலக்கண்ணு வேணும்னு ஜெபிச்சுட்டுப் படுத்து, காலைல கண்ணாடியப் பாத்தா அதே பழுப்புக் கண்ணு. பின்னால கோயிலுக்கு விடப்பட்ட பொண்ணுகளையும் ஆதரவில்லாத புள்ளைகளையும் சேத்து வளத்தாங்க, 1931ல கீழ விழுந்து அடிபட்டதுலேருந்து 1951ல சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் தன் அறையவிட்டு அதிகம் வெளிய வரல. அவங்களுக்காக எத்தன புள்ளைங்க ஜெபிச்சிருக்கும்! அந்தக் கட்டில் பக்கத்துல போய் நின்னு உங்களுக்கு விசுவாசம் பத்தலம்மான்னு யாராவது சொல்லுவாங்களா?

மருந்து சாப்புடுறது அவிசுவாசம்னு நினைக்கிறவங்களுக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச இடா ஸ்கடர் அம்மாவ ஞாபகப்படுத்துறேன். திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு பேரு தனித்தனியா வந்து பிரசவத்துல தவிக்கிற தங்க பொஞ்சாதிக்காகக் கூப்பிட்டாங்க, ஆம்பள டாக்டர உள்ள விட மாட்டாங்க, அப்ப சின்னப் பொண்ணா இருந்த இடாவுக்கு வைத்தியம் தெரியாது, விடிஞ்சப்ப அந்த மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க. அன்னைக்கு அவங்க ஜெபத்துல கிடைச்சது போய் டாக்டருக்குப் படிங்கிறதுதான். படிச்சு முடிச்சு 1900ல திரும்பி வந்தாங்க, வேலூர் சிஎம்சி அப்படித்தான் வந்துச்சு.

ஜெபத்துக்கு விசுவாசம் வேணும், அத நான் மறுக்கல. கேக்குறதுக்கு ஒருத்தர் இருக்காருன்னு நம்பாம யாரு வாயத் தெறப்பா? ஆனா அந்த விசுவாசம் கைல மொத்தமா சேத்து வச்சுகிட்டு போய்க் கட்டுற ஃபீஸ் இல்ல. இல்லாதவனும் போய் இல்லன்னு சொல்லி அழலாம், அந்த அழுகையும் ஜெபம்தான், எங்க அம்மா விஷயத்துல நான் பாத்தது அதுதான். ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்புறம் எங்க சபை போதகர் ஐயர் வீட்டுக்கு வந்தாரு, ரொம்ப பேசல, அம்மா பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து 13ம் சங்கீதத்தப் படிச்சாரு, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". அம்மா கண்ணத் தெறந்து, இப்படியெல்லாம் அவருகிட்ட கேக்கலாமா ஐயரேன்னாங்க. தாவீதே கேட்டிருக்காரும்மான்னு சொல்லிட்டு காப்பியக் குடிச்சாரு. அன்னைலேருந்து அம்மா மறுபடியும் டயாலிசிஸுக்கு வந்தாங்க, ஒருதடவகூட நிறுத்தல, ஒன்றரை வருஷம் இருந்தாங்க.

அதனால ஜெபிக்கப் போற எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன், போங்க, கண்டிப்பாப் போங்க, எண்ணெய் பூசுங்க, உபவாசம் இருங்க, அற்புதம் கேளுங்க, நானும் கேக்குறேன். படுத்திருக்கிறவங்க மனசுல மட்டும் கைய வச்சு அளந்து பாக்காதீங்க. மாத்திரய நிறுத்தச் சொல்லாதீங்க.

அம்மா டைரி இப்ப என்கிட்ட இருக்கு. கடைசிப் பக்கங்கள் என் கையெழுத்துதான், அவங்க சொல்லச் சொல்ல எழுதினது. டயாலிசிஸ் வார்டுல பேரு தெரியாதவங்க நிறைய, அதனால 2ம் நம்பர் கட்டில் டீச்சர், ஜன்னலோரத்து பாய், 6ம் நம்பர் லாரி டிரைவர் அண்ணன்னு இருக்கும். அந்த லாரிக்கார அண்ணன போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், கைல அதே பிளாஸ்டிக் ஃபைலு, இன்னும் போயிட்டு வந்துகிட்டுதான் இருக்காராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்.