மேல அழகு எல்லாருக்கும் வரும், அடியப் பாரு

மாலு,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சுன்னு படிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. பிசியோதெரபிய மட்டும் விட்டுடாதீங்க, வலிக்குது நாளைக்குப் பாத்துக்கலாம்னு நைசா பேசிப் பாப்பாங்க, நீ அசையாத. இங்க பெரியவ ஹாஸ்டலுக்குப் போய்ட்டா, சின்னவன் காதுல ஹெட்ஃபோன மாட்டிட்டா வீட்ல ஆள் இருக்கானான்னே தெரியாது, ஆனா ஓவன்லேந்து வெண்ணெ வாசம் வந்தா மட்டும் எப்படித்தான் தெரியுமோ, கரெக்டா கிச்சன் வாசல்ல நிப்பான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். ஆப்பிள் பை, அதான் மாவுக்குள்ள ஆப்பிள வெச்சு மூடி ஓவன்ல சுடறது, மேல பொன்னிறமா வருது, அடில மட்டும் ஈரமா கொழகொழன்னு இருக்குன்னு எழுதியிருந்த இல்ல, அதுக்குக் காரணம் தண்ணி. ஆப்பிள்ல நூத்துக்கு 85 பங்கு தண்ணிதான், சூடு பட்டதும் அதுல நெறைய கீழ எறங்குது, அடி மாவு வேகறதுக்கு முன்னாடியே ஊறிப் போயிடுது. இப்ப காஸ்ட் அயர்ன் சட்டி வாங்கியிருக்க, நல்லதுதான், ஆனா சட்டிய மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்காத. இரும்புச் சட்டி சூட்ட சமமாப் பரப்பும்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, அது தப்பு, அந்த வேலைய அலுமினியம் இத விட நல்லாவே செய்யும். இது சூடாகவே நேரம் எடுக்கும், ஆனா 10 இஞ்ச் சட்டியே ரெண்டு கிலோவுக்கு மேல வெயிட்டு, ஒருதடவ சூடு ஏறிடுச்சுன்னா லேசுல விடாது, அந்தப் பிடிவாதம்தான் நமக்கு வேணும். ஜில்லுனு இருக்கற சட்டில மாவப் போட்டு அப்படியே ஓவனுக்குள்ள தள்ளினா பிரயோஜனம் இல்ல.

நான் என்ன பண்றேன்னா, சட்டிய சின்னத் தீயில வெச்சு 50 கிராம் வெண்ணெ போட்டு, உருகினதும் ஒரு கைப்பிடி பிரவுன் சுகர் தூவி, கரைஞ்சதும் எறக்கி வெச்சுடுவேன். கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் அது மேல அடி மாவ விரிப்பேன், ரொம்ப சூடா இருந்தா மாவுல இருக்கற வெண்ணெ அங்கயே உருகி ஓடிடும். இந்தச் சர்க்கரைதான் பின்னாடி அடில கேரமல் மாதிரி பிடிச்சுக்கும், எங்க வீட்ல சண்டையே அந்தப் பகுதிக்குத்தான். ஓவன்ல கீழ் தட்டுல ஒரு ட்ரேய முன்னாடியே சூடாக்கி வெச்சிரு, சட்டி அது மேல உக்காரணும்.

தண்ணிக்கு என்ன வழின்னா, ஒண்ணேகால் கிலோ ஆப்பிள தோல் சீவி, கொஞ்சம் தடிமனாவே நறுக்கி, 120 கிராம் சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பெரட்டி ஒரு மணி நேரம் விட்டுடு. பாத்திரத்தோட அடில சாறு எவ்ளோ நிக்கும்னு பாரு, நீயே ஆச்சரியப்படுவ. அத வடிச்சு ஒரு சின்னப் பாத்திரத்துல கொதிக்க விடு, மொதல்ல சின்னச் சின்ன நுரையா வரும், அப்புறம் குமிழி பெருசாகி மெதுவா வெடிக்க ஆரம்பிக்கும், கரண்டில எடுத்தா வழியாம ஒட்டி நிக்கும், அப்ப நிறுத்திடு. 2 டேபிள்ஸ்பூன் கான்ஃப்ளார ஆப்பிள் மேல தூவி, பாகு ஆறினதும் ஊத்திக் கலந்துக்கோ. ருசிய வெளிய கொட்டாம தண்ணிய மட்டும் ஆவியாக்கிட்டோம், அவ்ளோதான். ஆப்பிள்ல கிரானி ஸ்மித்ங்கற பச்ச ரகம் கெடச்சா நல்லது, புளிப்பும் இருக்கும் வெந்தாலும் கரையாது, ரெட் டெலிஷியஸ்ங்கற செவப்பு ரகம் மட்டும் போட்டா கூழாயிடும்.

மாவு உனக்குத் தெரிஞ்சதுதான், 300 கிராம் மைதா, 200 கிராம் ஜில்லுனு வெண்ணெ, ஐஸ் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. வெண்ணெய அங்கங்க கட்டியா தெரியற மாதிரி விட்டுடு, அந்தக் கட்டிங்க ஓவன்ல ஆவி விட்டாத்தான் மாவு ஏடு ஏடாப் பிரியும். பின்னல் டிசைன் எல்லாம் எனக்குப் பொறுமை இல்ல, அடி மாவு மேல ஆப்பிளக் கொட்டி, மிச்ச மாவ விரிச்சு மேல மூடி நாலு கீறல் போடுவேன், ஆவி போக அது போதும்.

220 டிகிரில 20 நிமிஷம், அப்புறம் 190க்குக் கொறச்சு ஒரு 40 நிமிஷம். கலரப் பாத்து எடுத்துடாத, நடுக் கீறல்ல சாறு கெட்டியா கொதிச்சு வரணும், ஓரத்துல மட்டும் கொதிச்சா கணக்கு இல்ல. வெளிய எடுத்ததும் மறக்காம கைப்பிடில ஒரு துணிய சுத்தி வை, அது அரை மணி ஆனாலும் சுடும், யாராவது பழக்க தோஷத்துல பிடிச்சுடுவாங்க. அப்புறம் மூணு மணி நேரம் தொடக்கூடாது. சின்னவன சமாளிக்கறதுதான் இதுல பெரிய வேலை, ஆனா சூட்டோட வெட்டினா கெட்டியாகாத சாறு ஓடி மறுபடி அடி ஊறும், பட்ட பாடெல்லாம் வீண்.

மிச்சம் இருந்தா ராத்திரிக்குள்ள வேற டப்பாக்கு மாத்திடு, ஆப்பிள் புளிப்பு சட்டில எண்ணெ காஞ்சு படிஞ்சிருக்கற மேல் பூச்ச அரிச்சுடும், பைலயும் இரும்பு வாடை ஏறும். ஆமா, உன் சட்டி பிசுபிசுன்னு ஒட்டுதுன்னியே, எண்ணெ அதிகமா தடவியிருக்க. சட்டிய பழக்கறதுன்னா எண்ணெல குளிப்பாட்றது இல்ல மாலு, தடவிட்டு, தடவவே இல்லங்கற மாதிரி தொடச்சு எடுத்துட்டு அப்புறம் சூடு பண்ணு. அதுல மீன் பொரிக்கறதும் நீதான்னா, ஆப்பிள் பைக்குன்னு தனியா ஒரு சட்டி வெச்சுக்கறது உத்தமம்.

அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லு, அவங்க நடக்க ஆரம்பிச்சதும் இத செஞ்சு குடு. ஒரு துண்ட திருப்பிப் போட்டு அடிப்பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, மேல எடுத்த போட்டோ எனக்கு வேணாம்.

உன்
சுதா