ஆள் வராத நாளைப் பற்றிக் கேள்

கோத்தகிரி
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்றின் விவரங்களையும் அம்மாவும் நானும் பார்த்தோம். மூன்றிலும் சிரித்த முகத்தோடு ஒரு நர்ஸ், சக்கர நாற்காலியில் அவரைவிட அதிகமாகச் சிரிக்கும் ஒரு பெரியவர். ‘எதை எடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் அப்பா’ என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள், நீ என்ன சாப்பிட்டாய் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே மதியத்திலிருந்து பனிமூட்டம். எதிர்வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. எழுதுவதற்குத் தோதான நாள்தான்.

முதலில் ஒன்று. நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. ஒரு முறை தேர்ந்தெடுத்தேன், அது போதும்.

கழுத்தில் அடிபட்ட உன்னை வேலூர் மறுவாழ்வு மையத்திலிருந்து அழைத்து வந்த புதிதில், எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி. அம்மாவுக்கு முழங்கால். கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தேன். அதன் மேனேஜர் நம் வீட்டுக்கே வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நீ கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உன் தலைக்கு மேலே நாங்கள் இருவரும் பேசினோம். ‘பேஷண்டுக்கு என்ன வயது?’ என்று அவர் என்னிடம் கேட்டார். நானும் இருபத்து நான்கு என்று பதில் சொன்னேன். உனக்கு வாய் இல்லாததுபோல. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அன்று என்னென்ன கேட்டேன் தெரியுமா? ஆள் குடிப்பாரா, திருடுவாரா, ராத்திரி தங்குவாரா, எவ்வளவு. இவை எல்லாம் என் கவலைகள். உன் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் இல்லை.

அவர்கள் அனுப்பிய இரண்டாவது ஆளை மறந்திருக்க மாட்டாய். துணியெல்லாம் மடித்து வைப்பார், என்னை ‘சார் சார்’ என்பார். மாலை ஐந்து மணிக்கு மேல் உனக்குத் தண்ணீர் தருவதை அவர் நிறுத்திவிட்டார். குடித்தால் யூரின் பை நிறையும், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டுமே. மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்து, சிறுநீரில் தொற்று என்று டாக்டர் சொன்னபோது கூட எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆள் லீவில் போன நாளில் நீ ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாயே, அப்போதுதான் புரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று உன்னிடம் கத்தினேன். ‘அவரும் போய்விட்டால் அம்மா தூக்க வேண்டியிருக்கும்’ என்றாய். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

நமக்கு அப்போது தெரியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவோ தண்ணீரோ மறுத்தால் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. உன்னை வேலைக்குக் கொண்டு போன 4 சதவீத ஒதுக்கீடும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஒதுக்கீட்டுப் பக்கத்தை நாம் மனப்பாடம் செய்தோம், இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. வழக்குப் போடுவதற்காகச் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரர் எதிரே உட்காரும்போது, இது உனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி அந்த மூன்று ஏஜென்சிகள். முப்பத்தொரு வருடம் தேயிலை ஆலையில் டீ மேக்கராக இருந்தவன் சொல்கிறேன், குன்னூர் ஏலத்துக்குப் போகும் சாம்பிளைச் சலித்து, துடைத்து, அழகாகத்தான் அனுப்புவோம். வாங்குகிறவன் கெட்டிக்காரன் என்றால், சாம்பிளைச் சுவைத்த பிறகு மூட்டையையும் பிரித்துப் பார்ப்பான். மேனேஜர் சாம்பிள். காலை ஆறு மணிக்கு உன் கதவைத் தட்டுகிறவர்தான் மூட்டை. ஆகவே, வரப்போகிற ஆளை நேரில் பார்க்காமல் பணம் கட்டாதே. ‘எங்கள் ஆட்கள் எல்லாருமே பயிற்சி பெற்றவர்கள்’ என்பார்கள். எல்லாரும் உன் வீட்டுக்கு வரப்போவதில்லை, ஒருவர்தான் வருவார்.

அவர் வந்தால், பேச்சைக் குறைத்துக்கொண்டு, உன்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொல். அவ்வளவுதான் பரீட்சை. பிரேக்கைப் போட்டாரா, சிறுநீர்க் குழாய் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்தாரா, அக்குளில் கைகொடுத்து இழுத்தாரா, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பலகையை வைத்து நகர்த்தினாரா? எல்லாவற்றுக்கும் முன்னால், உன்னிடம் ஏதாவது கேட்டாரா? பிறகு உன்னைப் பார்த்துக்கொள்ள வந்த கேர்பெட்டா ஊர்க்கார அண்ணன் முதல் நாள் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. லாரியில் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மனிதர், ஒரு சான்றிதழும் கிடையாது. உள்ளே வந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ‘தம்பி, எந்தப் பக்கம் பிடித்தால் உனக்குச் சௌகரியம்?’ என்றார். இரண்டு வருடத்தில் உனக்கு ஒரு படுக்கைப் புண் வரவில்லை. இருபத்து மூன்று படி ஏற்றி உன்னை ரோட்டுக்குக் கொண்டுபோகும்போதும், ‘தூக்கட்டுமா’ என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்.

அதற்காகச் சான்றிதழ் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த அண்ணனுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஒருநாள் உனக்குத் திடீரென்று தலைவலி, முகமெல்லாம் சிவந்து நெற்றியில் வியர்வை. பாவம், அவர் உன்னைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார். நான் ஆலையிலிருந்து ஓடி வந்து, உன்னை நிமிர்த்தி உட்கார வைத்துப் பார்த்தால், தொடைக்கு அடியில் குழாய் மடங்கிக் கிடந்தது. அதை நேராக்கிய பத்து நிமிடத்தில் வலி இறங்கியது. வேலூரில் தலையில் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் தேங்கினாலோ மலம் கட்டினாலோ ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும், படுக்க வைத்தால் இன்னும் ஏறும், கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரை போகும் என்று. அதனால் ஏஜென்சியிலும் கேள், வருகிற ஆளிடமும் கேள்: ‘எனக்குத் திடீரென்று தலை வலித்து வியர்த்தால் என்ன செய்வீர்கள்?’ மாத்திரை கொடுப்போம், படுக்க வைப்போம் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. ‘நிமிர்த்தி உட்கார வைப்போம், உடையைத் தளர்த்துவோம், குழாயைப் பார்ப்போம், குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரி’ என்றால் அவருக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெரியாது, சொல்லுங்கள் கற்றுக்கொள்கிறேன் என்கிற ஆளையும் நான் ஒதுக்க மாட்டேன். தெரிந்ததுபோல் நடிப்பவரிடம்தான் எனக்குப் பயம்.

சென்னையில் இன்னொரு சங்கதி, வெயில். இங்கே நமக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. போன மார்கழியில் அத்தை பாசத்தோடு உன் காலடியில் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் போனாள், உனக்குச் சூடு தெரியாமல் குதிகால் கொப்பளித்துப்போனது. அங்கே வெயிலில் உன் உடம்பு மற்றவர்களைப்போல வியர்த்துக் குளிராது. ஈரத்துணி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், மின்தடை வந்தால் எங்கே போவது, இவற்றை ஆளிடம் முதல் நாளே பேசிவிடு. ஏப்ரலில் பேசலாம் என்று தள்ளாதே.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஆள் வராத நாளில் என்ன செய்வார்கள்?

இதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் ‘ரீப்ளேஸ்மெண்ட் உடனே’ என்று சொல்லியிருந்தார்கள். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்த அன்று, எவரும் வரவில்லை. மறுநாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தவருக்கு உன் பெயர்கூடத் தெரியாது. அந்த இரண்டு நாளும் நான் ஷிப்டில், அம்மா தனியாக. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உன்னைப் புரட்டிப் போட வேண்டியது, அவளால் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்தது. அது ஆற மூன்று மாதம் ஆனது. அம்மா இன்றைக்கும் அதைத் தன் தவறு என்றுதான் நினைக்கிறாள். அவளிடம் இதை எடுத்துப் பேசாதே.

ஆகவே, ‘மாற்று ஆள் தருவோம்’ என்பதோடு விட்டுவிடாதே. எத்தனை மணி நேரத்தில்? அந்த மாற்று ஆள் இதற்கு முன் ஒரு தடவையாவது என்னைப் பார்த்திருப்பாரா? ஞாயிறு யார்? பொங்கலுக்கு யார்? இரவு பதினொரு மணிக்கு நான் போன் செய்தால் எடுக்கப்போவது மனிதரா, பதிவு செய்த குரலா? இவற்றை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல். தயங்கினால், எப்போது வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று பொருள். இரண்டு ஆட்களையும் முதலிலேயே பழக்கிவிட்டால் நல்லது. ஒருவரையே இருபத்து நான்கு மணி நேரமும் வைத்துக்கொண்டால் செலவு குறையும்தான். ஆனால் தூங்காத ஆள் தண்ணீரைக் குறைப்பார். அந்த இரண்டாவது ஆளை நான் மன்னிக்கவில்லை. அவர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தார் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

காசு விஷயம் சுருக்கமாக. அட்வான்ஸ் திரும்ப வருமா, எத்தனை நாள் முன்பு சொன்னால் நிறுத்தலாம், போலீஸ் சரிபார்ப்புக் கடிதத்தின் நகல் எங்கே, இவ்வளவு போதும். ஆனால் ஒன்றை மட்டும் வெட்கப்படாமல் கேள்: நான் கொடுப்பதில் வருகிற ஆளின் கைக்கு எவ்வளவு போகிறது? மேனேஜர் மழுப்புவார். ஆளிடமே கேள். பாதி கமிஷனுக்குப் போகிறது என்றால் அந்த ஆள் ஆறு மாதம் தாண்ட மாட்டார், நீ மறுபடியும் ஒரு புது மனிதருக்கு உன் உடம்பை முதலிலிருந்து விளக்க வேண்டும். மூன்றில் மலிவானதை அம்மா விரும்புகிறாள். நான் விரும்பவில்லை.

யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டிருந்தாய். அவர்கள் தரும் போன் நம்பரில் ஒரு மகனோ மருமகளோ பேசி ‘ரொம்ப நல்ல சர்வீஸ்’ என்பார்கள். என்னையே கேட்டிருந்தாலும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் சொல்லியிருப்பேன். படுக்கையில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கச் சொல். நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிவது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. வேலூர் பாகாயத்தில் நாம் இருந்த அந்த மறுவாழ்வு மையத்தை 1966இல் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணன், உன்னைப்போலவே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். நீ பார்க்கும் மூன்று ஏஜென்சிகளில் எதிலாவது நாற்காலியில் இருப்பவர் ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறாரா என்று பார். இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான், ஆனால் கேட்டுவிடு.

ஒரு மாதச் சோதனைக் காலம் கேள். அந்த ஒரு மாதமும் எனக்காகவோ அம்மாவுக்காகவோ எதையும் பொறுத்துக்கொள்ளாதே. தாகமாக இருந்தால் தாகம் என்று சொல். ஆள் போய்விட்டால் போகட்டும், பஸ் ஏறி ஓர் இரவில் வந்துவிடுவேன். எனக்கு இன்னும் உன்னைப் புரட்டத் தெரியும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்ப வேண்டாம். போட்ட பிறகு அனுப்பு, படித்துவிட்டுக் குறை சொல்கிறேன்.

சில்வர் ஓக் பலகை தயாராகிவிட்டது. ஆசாரி நீ சொன்னபடி இரண்டு ஓரத்தையும் இழைத்து உருட்டிவிட்டார், நான் இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதலில் தேய்த்த பிறகும் ஓரிடத்தில் சிலாம்பு இருந்தது. உனக்குத் தெரியாதே என்று என் முன்கையை வைத்து நீளத்துக்கும் இழுத்துப் பார்த்துதான் கண்டுபிடித்தேன். இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை பார்சலில் போடுகிறேன். வர்க்கியும் பொடியும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். பழைய பலகையைத் தூக்கிப் போடாதே, அதை அலுவலகத்தில் வைத்துக்கொள்.

அப்பா