பாரிஸில் இருக்கும் பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. ஓபரா மாளிகை அழகாகத்தான் இருக்கிறது. கூரை மேல் தங்கச் சிலைகள், முன்னால் படிக்கட்டு, படிக்கட்டில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நீ மட்டும் இல்லை. யாரிடமாவது போனைக் கொடுத்து ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மதியம் வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே.

அந்த மாளிகையை வைத்து எடுத்த ஒரு பழைய ஊமைப் படத்தைத் தம்பி டிவியில் போட்டுக் காட்டினான். 'தி ஃபான்டம் ஆஃப் தி ஓபரா', 1925இல் வந்தது. விகாரமான முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்டு மாளிகைக்கு அடியில் ஒளிந்து வாழ்கிற எரிக்தான் அந்த ஃபான்டம், அதாவது பேய். அவன் ஆசைப்படுகிற பாடகி கிறிஸ்டீன். அப்பா பாதியில் எழுந்து படுக்கப் போய்விட்டார். நான் கடைசி வரைக்கும் பார்த்தேன். மறுநாள் உன் அலமாரியில் இருந்த அந்தப் படத்தின் மூல நாவலையும் எடுத்தேன். கஸ்தோன் லெரூ எழுதியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்து முடித்தேன். அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எப்போதும் அவசரத்தில் இருக்கிறாய்.

படத்தில் வருவது நீ பார்த்த மாளிகை இல்லை. அமெரிக்காவில் யுனிவர்சல் கம்பெனி போட்ட செட். இரும்பை கான்கிரீட்டில் இறக்கி அவ்வளவு கெட்டியாகக் கட்டியதால், 2014இல் இடிக்கிற வரைக்கும் அந்த ஸ்டேஜ் நின்றிருக்கிறது. ஆனால் மாளிகைக்கு அடியில் தண்ணீர் இருப்பது நிஜம். 1896இல் சரவிளக்கின் எதிர் எடை அறுந்து விழுந்து ஓர் உயிர் போனதும் நிஜம். அதிலிருந்துதான் நாவலில் சரவிளக்கு விழுகிறது. ஃபான்டத்துக்கு என்று ஒதுக்கிய 5ஆம் நம்பர் பாக்ஸ் என்கிற தனி இருக்கை அறையின் கதவில் இன்றைக்கும் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்களாம். ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வா. அறையிலேயே அடைந்து கிடக்காதே.

அந்த முகமூடியைக் கழற்றுகிற காட்சியைச் சொல்ல வேண்டும். எரிக் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறான். கிறிஸ்டீன் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். கையை நீட்டுகிறாள், பின்னால் இழுத்துக்கொள்கிறாள், மறுபடியும் நீட்டுகிறாள். சட்டென்று முகமூடியை உருவிவிடுகிறாள். அவன் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு முன்னால் நாம் அந்த முகத்தைப் பார்த்துவிடுகிறோம். அப்புறம் அவன் எழுந்து அவள் பக்கம் திரும்புகிறான், அவள் தரையில் விழுகிறாள். படம் வெளிவரும் வரை அந்த முகத்தை எந்த விளம்பரத்திலும் கம்பெனி காட்டவில்லையாம். எனக்குப் பயம் வரவில்லை பாப்பா. வாய் திறந்து அவன் கத்துகிற அந்த நொடியில், இந்தப் பிள்ளையை இவ்வளவு காலம் யாருமே நேருக்கு நேர் பார்க்கவில்லையே என்றுதான் தோன்றியது.

நடித்தவர் லான் சேனி. அந்த மேக்கப் முழுவதும் அவரே போட்டுக்கொண்டது. மூக்கை மேலே இழுத்து, கண்ணைச் சுற்றிக் கருப்பு தீட்டி, பொய்ப்பல் வைத்து. அவருடைய அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. அம்மா வாதத்தில் படுத்துவிட்டதால் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்று கூட இருந்து கவனித்துக்கொண்டார். ஊரில் நடந்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முகத்தாலும் கையாலும் நடித்துக் காட்டுவாராம். அந்த அம்மா மகனை ஒரு நாளாவது பார்க்காமல் இருந்திருப்பாளா?

உன் கேமரா இன்னும் சரியாகவில்லை என்கிறாய். முதலில் போன் பழசு என்றாய், புது போன் வந்ததும் நெட்வொர்க் சரியில்லை என்றாய். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காதே என்று அப்பாவும் சொல்லிவிட்டார். உன் அறையின் கூரை விளக்கு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அதன் ஓரத்தில் இருக்கிற ஈரக்கறை உட்பட.

நாவலில் ஓர் இடம் வருகிறது. எரிக் தன் பிறப்பைப் பற்றிச் சொல்கிறான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா அவனைப் பார்க்காமல் இருப்பதற்காக, அழுதுகொண்டே முதல் முகமூடியைப் பரிசாகக் கொடுத்தாளாம். அழுதாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அழத் தெரிந்தவளுக்கு அதைக் கொடுக்க எப்படிக் கை வந்தது? அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்கு நான் சமைக்கக்கூட இல்லை. படத்தில் இந்த அம்மாவே கிடையாது. அவன் ஒரு பைத்தியம், சிறைத் தீவிலிருந்து தப்பியவன் என்று அட்டையில் எழுதிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முடிவையும் கெடுத்திருக்கிறார்கள். எரிக் மனம் உடைந்து ஆர்கன் பக்கத்திலேயே சாவதாகத்தான் முதலில் எடுத்தார்களாம். போட்டுக் காட்டியபோது எடுபடவில்லை என்று, கூட்டம் துரத்தி அடித்து சேன் நதியில் தள்ளுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். நாவலில் அப்படி இல்லை. கிறிஸ்டீனின் நெற்றியில் அவன் முத்தம் கொடுக்கிறான். அவள் விலகி ஓடவில்லை, கூட உட்கார்ந்து அழுகிறாள். பெற்ற தாய்கூட முத்தமிட விடாமல் முகமூடியை வீசிவிட்டு ஓடுவாள் என்று சொல்லி அவன் அழுகிறான். அதற்கப்புறம்தான் அவளைப் போக விடுகிறான். எனக்கு அந்த முடிவுதான் சரி.

கல்யாண வீட்டில் பெரியத்தை சொன்னதை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சு ஒரு பேச்சா? பாட்டிக்கும் இருந்ததுதானே. கையில் இருந்தது, கழுத்தில் இருந்தது, கடைசியில் முகத்துக்கும் வந்தது. எந்தக் கல்யாணத்திலாவது பாட்டி பின்வரிசையில் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? மணவறைக்குப் பக்கத்தில் நின்றுதான் அட்சதை போடுவார்கள்.

தெரியாத ஊருக்குத் தனியாகப் போய், அந்த ஊர் பாஷையைக் கற்று, வேலையும் வாங்கிவிட்டாய். நம் குடும்பத்தில் வேறு யார் செய்தார்கள்? தெருவில் யார் கேட்டாலும் அப்பா அதைத்தான் சொல்கிறார். ஆனால் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் லீவு இல்லை என்கிறாய். எல்லோருக்கும் கிடைக்கிற லீவு உனக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும்?

களிம்பு தீர்ந்திருக்கும். நம் டாக்டர் நிறுத்தக் கூடாது என்று சொன்னது நினைவிருக்கட்டும். அங்கே கிடைக்காவிட்டால் சொல், வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். பருப்புப் பொடியும் வைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேமராவைப் போடு. எந்த முகமாக இருந்தாலும் நான் பெற்ற முகம், எனக்குப் பார்க்க வேண்டும்.

அம்மா