ஆண்டறிக்கை: குறுக்குப் பாலமும் தலைக்கு மேல் இடைவெளியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நமது மாதிரி ரயில் தளத்தில் ஒரு பாதையை மற்றொன்றின் மேலாகக் கொண்டுசெல்ல, சென்ற பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்ற குறுக்குப் பாலப் பணியே இவ்வாண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஒருமுறை கட்டி, பிரித்து, மறுமுறை கட்டியதே அதற்குக் காரணம் என்பதையும், அதில் என் பங்கு சிறிதன்று என்பதையும் முதலிலேயே பதிவு செய்கிறேன்.

நமது தளம் ஹெச்.ஓ. அளவில், அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்காக அமைந்தது. இவ்வளவில் கீழ்ப்பாதையின் தண்டவாள முகட்டிலிருந்து பாலத்தின் அடிப்பகுதி வரை 3 அங்குலம், ஏறக்குறைய 76 மி.மீ., வெற்றிடம் விடுவது பரவலான வழக்கம். நான் எழுதிய திட்டக் குறிப்பிலோ "பாலத்தின் உயரம் 76 மி.மீ." என்று மட்டுமே இருந்தது, எங்கிருந்து எதுவரை என்பது இல்லை. தச்சுப் பணியை ஏற்ற உறுப்பினர்கள் அதைக் கீழ்த் தண்டவாளத்திலிருந்து மேல் தண்டவாளம் வரை எனக் கொண்டது அவர்கள் பிழையன்று. பாலத் தளத்தின் பிளைவுட் 12 மி.மீ., தண்டவாளத்தின் அடியில் இடும் கார்க் 5 மி.மீ., கட்டைகளோடு கூடிய தண்டவாளம் 5 மி.மீ. என 22 மி.மீ. கழிந்துபோக, அடியில் எஞ்சியது 54 மி.மீ. மட்டுமே.

நமது பயணியர் பெட்டிகள் 50 மி.மீ. உயரத்தைக்கூட எட்டாதவை, ஆகவே அவை தடையின்றிச் சென்றுவந்தன, நாமும் பாலம் சரியாக இருப்பதாகவே நம்பியிருந்தோம். சுமார் 71 மி.மீ. உயரமுள்ள இரட்டை அடுக்குக் கண்டெய்னர் வண்டியை முதன்முறை ஓட்டிய மாலையில்தான் உண்மை முட்டிக்கொண்டு நின்றது.

பாலத்தின் பழைய தளத்தையே வைத்துக்கொண்டு உயர்த்துவதாயின் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் 98 மி.மீ. வேண்டும்; 2 சதவீத ஏற்றத்தில் அதற்கு ஏறத்தாழ 5 மீட்டர் அணுகுபாதை தேவை, நம்மிடம் இருப்பதோ மூன்றரை மீட்டர். ஏற்றத்தை 3 சதவீதமாக்கலாம் என்ற யோசனையை, நீண்ட வண்டிகளை எஞ்சின் இழுக்கத் திணறும் என்பதால் செயற்குழு ஏற்கவில்லை. பக்கவாட்டுத் தூலங்கள் பாரத்தைத் தாங்க, கார்க் இன்றி 3 மி.மீ. உலோகத் தகட்டின்மேல் தண்டவாளம் அமர்வதாகப் பாலத்தை மாற்றியதில், தண்டவாளத்தையும் சேர்த்துத் தளத்தின் தடிமன் 8 மி.மீ. ஆகக் குறைந்தது. இதனோடு 2 மி.மீ. கூடுதல் இடைவெளியும் சேர்த்துத் தேவைப்பட்ட 86 மி.மீ. உயரத்தில், மேல்பாதையை 60 மி.மீ. ஏற்றி, கீழ்ப்பாதையை 26 மி.மீ. இறக்கினோம், மேல்பாதைக்கு 3 மீட்டரும் கீழ்ப்பாதைக்கு 1.3 மீட்டரும் போதுமாயின.

அந்த 2 மி.மீ. வீண் எச்சரிக்கையன்று. கீழ்ப்பாதையின் இருபுறச் சரிவுகளும் பாலத்தின் அடியில் ஒரே புள்ளியில் சந்தித்தால், போகி எனப்படும் இருமுனைச் சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே 200 மி.மீ. கொண்ட பெட்டியின் நடுப்பகுதி அப்பள்ளத்தின்மேல் ஏறத்தாழ 2 மி.மீ. உயர்ந்து நிற்கும். எனவே பாலத்தின் அடியில் நமது மிக நீளமான பெட்டியைவிட நீண்ட சமதளமும் விடப்பட்டுள்ளது. பசை இடுமுன், தண்டவாள முகட்டிலிருந்து 76 மி.மீ. உயரம் எட்டும்படி ஓர் அட்டை அளவுகோலைத் தட்டை வண்டியில் நிறுத்தி இருதிசையிலும் தள்ளிப் பார்த்தோம், எங்கும் உரசவில்லை.

கீழ்ப்பாதையைப் பின்னாளில் தடித்த கார்க்கின்மேல் மாற்றி அமைத்தால் இந்த இடைவெளி குறையும் என்பதால், செயற்குழுவைக் கேட்காமல் அப்பகுதியைத் தொட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். கீழ்ப்பாதைக்கு மேல்நிலை மின்கம்பி அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை, கம்பிக்கும் அதைத் தாங்கும் அமைப்புக்கும் மேலும் உயரம் தேவைப்படுவதால், பொதுக்குழுவின் முடிவுக்கு விடப்படுகிறது.

செயலாளர்